ஆளுக்குப் பத்து நிமிடம்: ஒரு ரீசார்ஜ் லைட்டின் ஏழு மணி நேரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த லைட் ஒன்றரை வருடமாக என் அலமாரியில் பழைய போர்வைகளுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. வாங்கின புதிதில் இரண்டு தடவை எரியவிட்டுப் பார்த்தேன், ஞாபகம் வரும்போது சார்ஜ் போட்டேன், அதோடு சரி. அப்போதே விமர்சனம் எழுதியிருந்தால் "நன்றாக எரிகிறது, ஐந்து நட்சத்திரம்" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். போன மாதம் ஒரு நாள் மாலை 6:40-க்கு நகரம் முழுக்கக் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது நள்ளிரவு 1:50. அதற்குப் பிறகு எழுதுவதால் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இதே உருளை உடம்பு, இதே ஒற்றை பட்டன், இதே கொக்கி, பல பெயர்களில் விற்கிறார்கள், பெட்டி மட்டும்தான் மாறுகிறது. தண்ணீர் பாட்டிலில் பாதி உயரம், சுற்றிலும் பால் நிற பிளாஸ்டிக், தலையில் ஒரு குட்டி சோலார் தகடு. உள்ளே 18650 என்கிற லித்தியம் செல் இரண்டு. பெட்டியில் பேட்டரியின் கொள்ளளவு 5200 எம்ஏஎச், வெளிச்சத்தின் அளவு 300 லூமன் என்று போட்டிருக்கிறது. ஒரு மெழுகுவத்தி ஏறக்குறைய 12 லூமன் என்பது கணக்கு, நம் அறைகளில் எரிகிற 9 வாட் எல்இடி பல்பு 800-க்குப் பக்கத்தில் வரும். ஆக இது அறை பல்பில் பாதிகூட இல்லை, ஆனால் இருபத்தைந்து மெழுகுவத்திக்குச் சமம். கும்மிருட்டில் இரண்டாவது கணக்குதான் நிஜமாகத் தெரிகிறது.

கரண்ட் போன முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தேன். அங்கும் இல்லை என்றதும் ஒரு நிம்மதி வருமே, அது வந்தது. அப்புறம் அதற்குப் பின்னால் இருந்த கட்டடமும் இல்லை, தூரத்து மேம்பால விளக்குகளும் இல்லை என்று தெரிந்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. எங்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் உண்டு. அதை ஸ்டார்ட் பண்ண வேண்டிய பேட்டரி செத்துக் கிடந்தது என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரியும்.

லைட்டை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்ததற்குப் பரோபகாரமெல்லாம் காரணம் இல்லை, லிஃப்ட்டுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் பெட்டி நின்றுவிட்டிருந்தது, உள்ளே ஒரு பெண். எங்கள் கட்டடத்துக்காரர் இல்லை, நான்காம் மாடியில் ஒரு பையனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க வருகிற டீச்சர் என்று பிற்பாடு தெரிந்தது. லிஃப்ட்டுக்குள் இருக்க வேண்டிய அவசர விளக்கு எரியவில்லை. மூன்றாம் மாடிக் கதவில் செங்குத்தாக ஒரு நீளக் கண்ணாடி உண்டு, அதன் கைப்பிடியில் இந்த லைட்டைக் கொக்கியால் மாட்டினேன். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தால் பெட்டியின் மேல்பகுதியும் உள்கதவுக் கம்பி இடுக்கில் அவருடைய நான்கு விரல்களும் தெரிந்தன. "இப்ப வெளிச்சம் வருதா?" என்றேன். "வருது, ஆனா நேரா கண்ல அடிக்குது" என்றார்.

இங்கே முதல் குறை. இதில் மூன்று அளவு வெளிச்சம் உண்டு, அதிகம், நடுத்தரம், குறைவு. மூன்றுக்கும் ஆபத்துக்குச் சைகை காட்டுகிற பளிச் பளிச்சுக்கும் அணைப்பதற்கும் சேர்த்து ஒரே பட்டன், வட்டமாகச் சுற்றி வரும். அதிகத்திலிருந்து குறைவுக்குப் போக இரண்டு அழுத்து, மூன்றாவது தவறி விழுந்தால் டிஸ்கோ. பதற்றத்தில் எனக்கு மூன்று விழுந்தது. இருட்டுப் பெட்டிக்குள் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறவர் மேல் பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் எப்படி இருக்கும்? "ஐயோ என்னாச்சு, என்னாச்சு" என்று கத்திவிட்டார். ஒன்றுமில்லைங்க, பட்டன் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இதை வடிவமைத்தவர் ஒரு தடவையாவது இருட்டில், நடுங்குகிற கையோடு இந்தப் பட்டனை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குள் மேலிருந்து ஒரு இளைஞர் இரும்புக் கம்பியோடு இறங்கி வந்தார், கதவை நெம்பித் திறந்துவிடலாம் என்று. அவரைத் தடுத்தவர் இரண்டாம் மாடிப் பெரியவர். இவரை மூன்று வருடமாகத் தெரியும், அதாவது வண்டி நிறுத்துகிற இடத்துக்காக என்னோடு இரண்டு முறை சண்டை போட்டவராகத் தெரியும். துணை மின்நிலையத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "தம்பி, பெட்டி பாதியில நிக்குது. கதவத் தொறந்தா அதுக்குக் கீழ பள்ளம் இருக்கும். வெளிய குதிக்கிறப்ப கால் வழுக்கினா நேரா குழிக்குள்ளதான். நடுவுல கரண்ட் வந்து பெட்டி நகர்ந்தா இன்னும் மோசம். சாவியோட ஆள் வரட்டும்." டெக்னீஷியன் வர முக்கால் மணி நேரம் ஆனது. அவர் முதலில் லிஃப்ட்டின் மெயின் சுவிட்சை அணைத்தார், அப்புறம் மேலே மோட்டார் அறைக்குப் போய் பிரேக்கைக் கையால் விடுவித்துப் பெட்டியைத் தளத்துக்குச் சமமாக இறக்கினார், அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தார். அவ்வளவு நேரமும் லைட் முழு வெளிச்சத்தில் அந்தக் கைப்பிடியில் தொங்கியது. கொக்கி பிளாஸ்டிக்தான், முறிந்துவிடும் என்று நினைத்தேன், முறியவில்லை. அதற்கு ஒரு சபாஷ்.

அடுத்த வேலை ஐந்தாம் மாடியில். அங்கே ஒரு பெரியவர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற, கரண்டில் ஓடும் மெஷினில் இருக்கிறார் என்பது அந்தத் தளத்தைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அவர் மகள் செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு மாற்று சிலிண்டரில் ரெகுலேட்டரைப் பொருத்தப் போராடிக்கொண்டிருந்தார். லைட்டில் யுஎஸ்பி அவுட்புட் இருக்கிறதே, இதிலிருந்து மெஷினை ஓட்ட முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. கணக்கு போட்டால் அழுகைதான் வரும். 5200 எம்ஏஎச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 19 வாட்-மணிதான். வீட்டு கான்சன்ட்ரேட்டர் ஒன்று 300 வாட் சுமாருக்கு இழுக்கும். இணைக்க வழி இருந்தால்கூட நான்கு நிமிடம் தாங்காது. சிலிண்டர்தான் ஒரே வழி, சிலிண்டருக்கு வேண்டியது ஸ்பேனரும் வெளிச்சமும்.

அந்த அறையில்தான் இந்த லைட்டின் உண்மையான குணம் தெரிந்தது. டார்ச் ஒரு இடத்தில் மட்டும் அடிக்கும், பிடிக்க ஒரு கை வேண்டும், பிடிக்கிறவர் திரும்பினால் வெளிச்சமும் திரும்பிவிடும். இதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தவுடன் சிலிண்டர், ரெகுலேட்டர், அழுத்தமானியின் முள், பெரியவரின் முகம் எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தன. மகளுக்கு இரண்டு கையும் சும்மா கிடைத்தது, ரெகுலேட்டரின் பின்கள் இரண்டும் சிலிண்டரின் துளையில் உட்கார்ந்தன, திருகினார், முள் ஏறியது. "அண்ணா, கொஞ்சம் மங்கலா வைங்க, அப்பா தூங்கட்டும்" என்றார். இந்த முறை ஒவ்வொரு அழுத்தையும் வாய்விட்டு எண்ணினேன்.

வெளிச்சத்தின் நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. நீலம் பாய்ந்த வெள்ளை, பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறது, வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சொல்கிற அளவு அது. ஏற்கனவே மூச்சு வாங்குகிற ஒருவரின் முகத்தை இந்த நிறத்தில் பார்ப்பது நன்றாக இல்லை, உதடு நீலமாகிவிட்டதோ என்று மகள் இரண்டு முறை குனிந்து பார்த்தார். மஞ்சள் சாயலில் 3000 கெல்வின் சுமாருக்கு வருகிற மாடல்களும் இருக்கின்றன. யாராவது வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அங்கே நிலைமை சீரானதும், அவர்களுக்குப் பக்கத்து வீட்டு டார்ச் ஒன்று கிடைத்ததும், நான் லைட்டோடு மூன்றாம் மாடிப் படித் திருப்பத்துக்கு வந்து உட்கார்ந்தேன். வீட்டுக்குள் புழுக்கம், படிக்கட்டில் கொஞ்சம் காற்று, அவ்வளவுதான் காரணம். ஒன்பது மணிக்குள் அங்கே எட்டுப் பேர். எல்லோருடைய கண்ணும் லைட்டின் அடியில் இருந்த ரப்பர் மூடியின் மேல். மூடியைத் திறந்தால் யுஎஸ்பி துளை.

முதலில் கேட்டவர் டெலிவரி தம்பி. நான்காம் மாடிக்கு ஒரு பார்சல் கொண்டு வந்தவர். பார்சலைக் கொடுத்தாயிற்று, ஆனால் கொடுத்துவிட்டேன் என்று ஆப்பில் பதிவு செய்வதற்குள் போன் 2 சதவீதத்தில் நின்று அணைந்துவிட்டது. பதிவு செய்யாவிட்டால் பார்சல் அவர் கணக்கில் தொலைந்ததாகச் சேரும். "சார், ஆன் ஆகி ஒரு பட்டன் அமுக்கற அளவுக்குப் போதும் சார்." அவருடைய கேபிள் கழுத்தில் முறிந்திருந்தது, ஒரு கோணத்தில் பிடித்தால்தான் ஏறும். பிடித்த விரலை அசைக்காமல் பத்து நிமிடம் குந்தி உட்கார்ந்திருந்தார்.

பத்து நிமிடம் என்று முடிவு செய்தவர் நம் துணை மின்நிலையப் பெரியவர்தான். இந்தத் துளை 5 வோல்ட், 1 ஆம்பியர், அதாவது 5 வாட். பத்து நிமிடத்துக்கு 0.8 வாட்-மணி சொச்சம், 5000 எம்ஏஎச் போன் ஒன்றில் அது 4 சதவீதம். லைட்டில் 5200, போனில் 5000, அப்படியானால் ஒரு போனை முழுசாக ஏற்றலாமே என்று தோன்றும். முடியாது. 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றும்போது கொஞ்சம் சூடாகப் போகும், போனுக்குள் இறங்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். புதுசாக இருக்கும்போதே முக்கால் போன் ஏறினால் அதிகம், ஏற்றி முடித்தால் லைட் இருட்டு. எனவே ஆளுக்குப் பத்து நிமிடம், யாருக்கும் விலக்கு கிடையாது, சொந்தக்காரனான எனக்கும்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு, இதைக் குறை என்பதா நிறை என்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. யாராவது கேபிளைச் செருகினால் விளக்கு தானாக ஒரு படி மங்கும், பிடுங்கினால் பழையபடி ஏறும். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விளைவு என்னவென்றால், ஒருவர் போனுக்கு உயிர் வரும்போது மற்ற ஏழு பேர் முகமும் மங்கிவிடும், எதற்காக என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடும். கேட்டார்கள். கல்லூரிப் பெண் ஒருத்திக்குக் காலையில் தேர்வு, அலாரம் அடித்தால் போதும், போனை விமான மோடில் போட்டு 4 சதவீதத்தைக் காலை வரைக்கும் காப்பாற்றுவேன் என்றாள். கணக்கு டீச்சருக்கு லிஃப்ட்டில் மாட்டினதை வீட்டில் சொல்ல வேண்டாம், லேட் ஆகும் என்று மட்டும் சொல்ல வேண்டும். கம்பியோடு வந்த இளைஞருக்கு ஊரிலிருக்கும் அம்மாவிடம் பேச வேண்டும், அவர் பேசினபோது எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம், வேறு வழியில்லை, படிக்கட்டில் குரல் எதிரொலிக்கும். ஒருவர் மட்டும் தன் 4 சதவீதத்தை அங்கேயே உட்கார்ந்து ஏற்கனவே இறக்கி வைத்திருந்த வீடியோவில் செலவழித்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த சுற்றில் அவர் கை நீட்டியபோது பெரியவர் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்.

பத்து மணிக்கு மேல் சிக்னலும் போனது. செல்போன் கோபுரங்களுக்குப் பேட்டரி உண்டு, ஆனால் அது சில மணி நேரத்துக்குத்தான், ஜெனரேட்டர் இல்லாத கோபுரம் அதோடு படுத்துவிடும். அப்போதுதான் இந்த மாடலில் எஃப்எம் ரேடியோ இல்லாத குறை உறைத்தது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் பட்டப்பகலில் இருண்டபோது ஜனங்கள் தேடி ஓடியது பேட்டரி ரேடியோவைத்தான், தெருவில் ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றிக் கூட்டமாக நின்று செய்தி கேட்ட படங்களைப் பார்த்திருப்பீர்கள். எங்களிடம் ரேடியோ இல்லை, பெரியவர் இருந்தார்.

ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று எல்லோரும் அவரைத்தான் கேட்டோம். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். மின்நிலையம் ஓடுவதற்கே மின்சாரம் வேண்டும், பம்பு, ஃபேன், கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் கரண்டில் ஓடுகிறவை. எல்லாம் ஒன்றாக விழுந்துவிட்டால் வெளி உதவி இல்லாமல் தானே எழுந்து நிற்கக்கூடிய ஒரு நீர்மின் நிலையமோ கேஸ் டர்பைனோ முதலில் ஓட வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது. ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் செலவும் சமமாக இருந்தால்தான் கரண்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும், இல்லையென்றால் மறுபடி சரியும். ஒரு பகுதிக்குக் கரண்ட் கொண்டுபோகிற லைனை, அதாவது ஃபீடரைப் போட்டவுடன் அந்தப் பகுதியின் அத்தனை ஃபிரிட்ஜும் ஏசியும் மோட்டாரும் ஒரே மூச்சில் இழுக்கும், அதனால் ஒன்று ஒன்றாகத்தான் போட முடியும். "வீட்ல ஏசி சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். ஒருவரும் செய்யவில்லை. இந்தக் கட்டடத்தில் வீடு இருக்கிறவர்கள் எல்லோரும் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தோம்.

2012 ஜூலை 31 பற்றியும் சொன்னார், இந்தியாவில் 60 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கரண்ட் போன நாள். 2003-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 கோடிப் பேரை இருட்டில் தள்ளிய சங்கிலி ஒஹையோவில் மின்கம்பி தொய்ந்து மரத்தில் உரசியதிலிருந்து தொடங்கியது, கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் வேலை செய்யாததால் யாருக்கும் நேரத்தில் தெரியவில்லை என்று, தன் ஷிஃப்ட்டில் நடந்ததுபோல விவரித்தார். 1965 நவம்பரில் நியூயார்க் இருண்ட இரவில் நல்ல நிலா இருந்ததாம். எங்களுக்கு நிலாவும் இல்லை.

திரும்ப லைட்டுக்கு வருகிறேன். சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று காட்ட நான்கு நீலப் புள்ளிகள் உண்டு, நம்பாதீர்கள். இது வோல்டேஜை மட்டும் பார்த்துச் சொல்கிறது, லித்தியம் செல்லின் வோல்டேஜ் வெகுநேரம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்துவிட்டுக் கடைசியில் தடாலென்று இறங்கும். பத்து மணிக்கு மூன்று புள்ளி, பன்னிரண்டரைக்கு இரண்டு புள்ளி, பரவாயில்லையே என்று இருந்தோம், 1:10-க்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அணைந்துவிட்டது. அப்போது செருகியிருந்தது டெலிவரி தம்பியின் போன், இரண்டாவது சுற்று, வீட்டுக்கு வழி பார்க்க மேப் வேண்டும் என்று கேட்டிருந்தார். இருட்டில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும். கம்பி இளைஞர் தனக்கும் அந்தப் பக்கம்தான் என்று அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

நாற்பது நிமிடத்தில் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியது, லிஃப்ட் ஒரு தடவை குலுங்கியது, ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, சட்டைப் பட்டன் போடாதவர்கள் போட்டுக்கொண்டார்கள். "சரி, பாப்போம்" என்று கலைந்தோம்.

அடுத்த வாரம் ஒரு யுஎஸ்பி மீட்டர் வாங்கி முழு சார்ஜில் வைத்து அளந்தேன். அவுட்புட்டில் 13 வாட்-மணி கிடைத்தது. பெட்டியில் எழுதியிருந்ததை வைத்துப் போட்ட 19 வாட்-மணிக் கணக்குக்கு, இழப்பெல்லாம் கழித்தாலும் 16 வந்திருக்க வேண்டும். ஒன்றரை வருடம் முழு சார்ஜிலேயே, சூடான அலமாரியில் வைத்திருந்த என் தப்பும் இதில் உண்டு, லித்தியத்தைப் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. ஆனால் மின்வெட்டு சொல்லிவிட்டு வருவதில்லை என்பதால் இனிமேல் முக்காலில் வைப்பதாக உத்தேசம். பழைய லெட் ஆசிட் எமர்ஜென்சி லைட் மாதிரி கவனிக்காமல் விட்ட ஒரே வருடத்தில் மொத்தமாகச் செத்துப்போகவில்லை, அது வரைக்கும் சந்தோஷம். தலையில் இருக்கும் சோலார் தகடு சும்மா அலங்காரம், அரை வாட் தகடு 19 வாட்-மணியை நிரப்ப நல்ல வெயிலில் 38 மணி நேரம் வேண்டும், அதுவும் இழப்பில்லாமல். சார்ஜ் ஏற்றும் துளை இன்னும் பழைய மைக்ரோ யுஎஸ்பிதான், அந்தக் கேபிள் இப்போது வீட்டில் தேடினால்தான் கிடைக்கிறது.

மொத்தத்தில் மூன்றரை நட்சத்திரம். பட்டனுக்கு ஒன்று கழித்தேன், பொய் சொல்லும் புள்ளிகளுக்கு அரை. வாங்கலாமா என்றால் வாங்கலாம், சுற்றிலும் வெளிச்சம் தருவதாக, அவுட்புட் துளையோடு, பளிச் பளிச்சுக்குத் தனிப் பட்டன் இருப்பதாகப் பார்த்து. லூமன் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஏழு மணி நேரத்தில் முழு வெளிச்சம் தேவைப்பட்டது லிஃப்ட்டுக்கும் சிலிண்டருக்கும்தான்.

அந்தக் கழுத்து முறிந்த கேபிள் லைட்டிலேயே செருகியபடி என்னிடம் தங்கிவிட்டது. வாசல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான்கு பார்சல் வந்தாயிற்று, நான்கும் வேறு வேறு ஆட்கள்.